பிளாக்செயின் கார்டு கேம்: முதல் ரூபாயைப் போடும் முன் கற்க வேண்டியவை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் விசைப்படகுகள் கரையில் நிற்கும். கையில் நேரம் இருக்கும், போன் இருக்கும், வருமானம் இருக்காது. "கார்டு கேம் ஆடு, டாலர் வரும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தால் தட்டத்தான் தோன்றும். தட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

இங்கே விளக்கப்போவது ஸ்ப்ளின்டர்லேண்ட்ஸ். 2018-ல் ஸ்டீம் மான்ஸ்டர்ஸ் என்ற பெயரில் தொடங்கி, 2020-ல் ஹைவ் என்ற பிளாக்செயினுக்கு மாறிய விளையாட்டு. பிளாக்செயின் என்பது எந்தக் கார்டு, எந்த டோக்கன் யாருடையது என்பதைப் பல கணினிகளில் பதிந்து வைக்கும் பொதுப் பேரேடு; டோக்கன் என்பது பணம்போல் புழங்கும் டிஜிட்டல் நாணயம். புதியவர்களுக்கு இதைச் சொல்ல இரண்டு காரணங்கள். போன் பிரவுசரிலேயே ஓடும். சண்டை தானாக நடக்கும், யோசிக்க வேண்டியதெல்லாம் சண்டைக்கு முன்பே முடிந்துவிடும். அதனால் விரல் வேகம் தேவையில்லை, கணக்குப் போடத் தெரிந்தால் போதும்.

முதலில் சட்டம்

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணமோ பணம் கொடுத்து வாங்கிய டோக்கனோ கட்டி, பதிலுக்குப் பணப்பலன் எதிர்பார்த்து ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. திறமைக்கான விளையாட்டு என்பதால் விலக்கு கிடையாது. தண்டனை ஆடுபவருக்கு அல்ல; நடத்துபவருக்கும், பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவருக்கும், விளம்பரம் செய்பவருக்கும். விளம்பரத்துக்கு மட்டும் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். டோக்கன் கார்டு கேம்கள் இந்த வரையறைக்கு மிக அருகில் நிற்கின்றன. ஆகவே கமிஷனுக்காக ரெஃபரல் லிங்க்கை ஊர்க் குழுக்களில் போடாதீர்கள். பணம் கட்டாமல் ஆட்டத்தைக் கற்பதில் இந்தச் சிக்கல் இல்லை. கீழே உள்ள படிகள் அந்த வழியில்தான் போகின்றன.

படி 1: கணக்கும் கீயும்

விளையாட்டின் தளத்தில் இமெயில் கொடுத்துக் கணக்கு தொடங்கலாம். முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். குழுவில் வந்த லிங்க் வழியாகப் போகாதீர்கள். ஓர் எழுத்து மட்டும் மாறிய போலித் தளங்கள் இருக்கும்.

ஹைவ் கணக்கு உங்கள் கைக்கு வரும்போது நான்கு கீ (நீண்ட கடவுச்சொல்) கிடைக்கும். போஸ்டிங் கீ, உள்ளே நுழையவும் ஆடவும். ஆக்டிவ் கீ, டோக்கன் அனுப்பவும் கார்டு விற்கவும். ஓனர் கீ, மற்ற கீக்களை மாற்ற. மெமோ கீ, ரகசியச் செய்திகளுக்கு. அன்றாடம் தேவைப்படுவது போஸ்டிங் கீ மட்டுமே. "ரிவார்டு அனுப்புகிறோம், ஆக்டிவ் கீ கொடுங்கள்" என்று கேட்பவர் திருடர். உங்களுக்கு டோக்கன் அனுப்ப உங்கள் பயனர் பெயர் போதும்.

கீயை ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டாம். அது கூகுள் போட்டோஸில் தானாக ஏறிவிடும். அந்த இமெயில் திறந்திருக்கும் ஒவ்வொரு போனிலும் தெரியும். தாளில் பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். கீ 5-ல் தொடங்கும், 51 எழுத்துகள் இருக்கும். பூஜ்யம், பெரிய ஓ, பெரிய ஐ, சிறிய எல் ஆகிய நான்கும் அதில் வராது. வட்டமாக ஏதாவது தெரிந்தால் அது சிறிய ஓ தான். எழுதி முடித்ததும் எண்ணிப் பாருங்கள், 50 வந்தால் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. உப்புக்காற்றில் தாள் நமுத்துப்போகும், பிளாஸ்டிக் கவரில் போட்டு ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். தொலைந்தால் மீட்டுத்தர வங்கி மேலாளர் மாதிரி யாரும் கிடையாது.

படி 2: களத்தைப் படிப்பது

தொடக்கத்தில் கிடைப்பவை இலவசக் கார்டுகள். ஆடலாம், விற்க முடியாது. கற்க அது போதும்.

ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் திரையில் மூன்று விஷயம் வரும்: மானா (கார்டுகளை இறக்கச் செலவாகும் புள்ளி) வரம்பு, அன்றைய விதிகள், எந்தெந்தப் பிரிவுக் கார்டுகளை இறக்கலாம் என்பது. புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் நடுவில் உள்ள விதிகளைப் படிக்காததால்தான். "லிட்டில் லீக்" என்றால் 4 மானாவுக்கு மேற்பட்ட கார்டே வராது. "எர்த்குவேக்" என்றால் பறக்காத கார்டுகளுக்குச் சுற்றுக்குச் சுற்று அடி விழும். "நாக்ஷஸ் ஃபியூம்ஸ்" என்றால் எல்லாரும் விஷத்தோடே தொடங்குவார்கள். அங்கே நீண்ட சண்டைக்குத் திட்டமிட்டால் நம் ஆள்தான் முதலில் விழுவான். "அன்புரொடெக்டட்" என்றால் கவசமே கிடையாது. கவசத்தை நம்பி எடுத்த கார்டுக்குக் கொடுத்த மானா வீண்.

அடுத்தது அடியின் வகை. மெலீ (நெருங்கி நின்று அடிப்பது), முதல் இடத்திலிருந்துதான் அடிக்கும். ரீச் திறன் இருந்தால் இரண்டாம் இடத்திலிருந்தும், ஸ்னீக், ஆப்பர்ச்சுனிட்டி திறன் இருந்தால் பின்னாலிருந்தும் அடிக்கும். ரேஞ்ச் (வில்லாளி போலத் தூரத்திலிருந்து அடிப்பது), பொதுவாக முதல் இடத்தில் நின்றால் அடிக்காது. முன்னால் நிற்பவர் விழுந்து வில்லாளி முதலிடத்துக்கு வந்துவிட்டால், கையைக் கட்டிக்கொண்டு அடி வாங்குவார். மேஜிக் பொதுவாகக் கவசத்தைத் தாண்டி நேரே உயிரில் அடிக்கும், அதை ஏய்ப்பதும் கடினம். எதிராளி கனமான கவசக் கார்டையே முன்னால் வைக்கிறார் என்று அவருடைய முந்தைய ஆட்டங்களில் தெரிந்தால், மேஜிக்கை இறக்குங்கள்.

படி 3: 20 மானாவில் ஓர் அணி

ஒரு சம்மனர் (அணித்தலைவர் கார்டு), அதன் பின்னே ஆறு கார்டு வரை வைக்கலாம். ஆறையும் நிரப்பியே ஆகவேண்டும் என்பதில்லை. 20 மானாவை இப்படிப் பிரித்துப் பாருங்கள்: சம்மனருக்கு 4, முன்னால் அடி தாங்கும் கார்டுக்கு 6, அதன் பின்னே முன்னவரைக் குணப்படுத்தும் டேங்க் ஹீல் கார்டுக்கு 3, அடுத்து மேஜிக்குக்கு 3, கடைசியில் ரேஞ்ச் கார்டுக்கு 4.

இந்த அணியின் பலவீனம் பின்வாசல். ஸ்னீக் கார்டு கடைசி இடத்தில்தான் பாயும், அங்கே நிற்பது உயிர் குறைந்த வில்லாளி. 1 மானா கார்டு கையில் இருந்தால், ரேஞ்ச் கார்டை 3 மானாவுக்கு இறக்கி, மிச்சத்தில் அந்தச் சின்னக் கார்டைக் கடைசியில் நிறுத்துங்கள். அது செத்துப்போகும், ஆனால் ஓரிரு அடி அதன்மேல் போகும், அதற்குள் உங்கள் மேஜிக் ஒரு முறை கூடுதலாக அடித்திருக்கும். ஜெயிப்பது பெரும்பாலும் அந்த ஓர் அடியில்தான்.

தோற்ற சண்டையை உடனே விட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடாதீர்கள். ரீப்ளேயைச் சுற்றுச் சுற்றாக ஓட்டி, உங்கள் பக்கம் முதலில் விழுந்தது எது, யார் அடித்தது, அது ஏன் அந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள். இதைச் செய்கிறவர்கள்தான் முன்னேறுகிறார்கள்.

சிக்னல்

அணியைக் குறித்த நேரத்துக்குள் அனுப்பாவிட்டால் சண்டை போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்தடையோடு டவரும் போகும் ஊர்களில் காற்று அடங்கும் வரை ஆடாமல் இருப்பதே மேல். அரிச்சல்முனைப் பக்கம் போன் இலங்கை டவரைப் பிடிக்கும், ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

ரிவார்டு என்பது எவ்வளவு?

ரிவார்டு வரும் வாசல், 10 டாலர் விலையில் அறிமுகமான சம்மனர்ஸ் ஸ்பெல்புக். அதை வாங்கும் நொடியில் மேலே சொன்ன சட்டக் கேள்வி உங்கள் முன் வந்து நிற்கும். பணம் கட்டாமல் இருப்பதே எங்கள் முடிவான ஆலோசனை.

வரும் டோக்கனின் மதிப்பும் நிலையானதல்ல. 2021-ல் ஒரு டாலர் அளவில் விற்ற எஸ்பிஎஸ் என்ற இந்த விளையாட்டின் டோக்கன், பின்னாளில் ஒரு சென்ட் அருகே இறங்கியது. டெக் என்ற இன்னொரு டோக்கன், ஆயிரம் சேர்ந்தால் ஒரு டாலர் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது. "மாதம் இத்தனை ரூபாய் உறுதி" என்று சொல்கிறவர் இந்த எண்களை உங்களிடம் சொல்லமாட்டார். கீழக்கரையிலோ தொண்டியிலோ வளைகுடாவிலிருந்து வீட்டுக்கு வரும் பணத்தை இதில் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே கையில் டோக்கன் இருந்து விற்கிறீர்கள் என்றால், லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். இது 2022 ஏப்ரல் 1 முதல். ஒரு டோக்கனில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. தேதி, எண்ணிக்கை, அன்றைய ரூபாய் விலை, பரிவர்த்தனை எண் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் தயங்காமல் அன்றே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் வேறு கணக்குக்கு நகரும் முன் முடக்க நேரம் கிடைக்கும்.