தொட்டாவாடியின் மின்துடிப்பை அளப்பது எப்படி

அயனி வாய்க்கால் (செல் சவ்வில் மின்னேற்றத் துகள்களான அயனிகள் கடந்துபோகும் புரத வழி) ஆராய்ச்சிக்குப் போக விரும்பும் மாணவர்கள் முதலில் கருவியின் விலையைத்தான் கேட்பார்கள். அதற்கு முன் கை பழக வேண்டியது வெள்ளிக் கம்பியில், அதற்குத் தொட்டாவாடிச் செடியே போதும். ஒற்றை வாய்க்காலின் மின்னோட்டத்தை ஜெர்மன் விஞ்ஞானிகள் நேகரும் சாக்மனும் 1976-இல் பதிவுசெய்து காட்டிய பேட்ச் கிளாம்ப் முறையில் (நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செல் சவ்வில் ஒட்டி அளப்பது), இன்றும் கண்ணாடிக் குழாய்க்குள் இருப்பது வெள்ளிக் குளோரைடு பூசிய கம்பிதான்.

குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்ட ஓரங்களில் தொட்டாவாடி (தொட்டாச்சிணுங்கி) தாராளமாகக் கிடைக்கும். வேர் அறாமல் மண்ணோடு பெயர்த்துத் தொட்டியில் வைத்து, ஒரு வாரம் தேறவிடுங்கள். வாடிய செடி சரிவரத் துடிக்காது.

கம்பி 0.25 மி.மீ. தடிமனில் சுத்த வெள்ளியாக இருக்க வேண்டும். நகைப்பட்டறையில் 92.5 வெள்ளி தருவார்கள். அதில் செம்பு கலந்திருப்பதால் அளவு அலையும். ஒரே கம்பியில் இரண்டு துண்டு வெட்டி, நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, வெளுப்பான் திரவத்தில் (சோடியம் ஹைப்போகுளோரைட்) 20 நிமிடம் ஊறவிடுங்கள். சாம்பலும் ஊதாவுமான நிறம் சீராகப் படிய வேண்டும். பளபளப்பு திட்டுத்திட்டாகத் தெரிந்தால் கைரேகை எண்ணெய் ஒட்டியிருக்கிறது. மறுபடி தேய்க்க வேண்டியதுதான். வெளுப்பானோடு ஆசிட் சேரவே கூடாது, குளோரின் வாயு வரும். கழுவிய இரண்டு கம்பிகளையும் ஒரே உப்புநீரில் நிறுத்தி மல்டிமீட்டரில் பாருங்கள். வித்தியாசம் சில மில்லிவோல்ட்டைத் தாண்டினால் அந்த ஜோடி உதவாது.

அடுத்தது கம்பியையும் செடியையும் இணைக்கும் கூழ். 0.75 கிராம் பொட்டாசியம் குளோரைடை 100 மி.லி. வடிநீரில் கரையுங்கள். அதில் 10 மி.லி. எடுத்து வடிநீர் சேர்த்து 100 மி.லி. ஆக்கி, 0.5 கிராம் அகர் (கடற்பாசிக் கூழ்ப்பொடி) சேர்த்துக் காய்ச்சுங்கள். வெதுவெதுப்புக்கு வந்தபின் ஒரு சொட்டை இலைக்காம்பில் வைத்து ஒரு கம்பியைச் சுற்றுங்கள். சூடாக வைத்தால் அதிலேயே செடி சுருங்கிவிடும். மற்றக் கம்பி ஈர மண்ணில். அரை மணி நேரம் தொடாமல் விட்டால் இலை விரியும்.

மீட்டரின் உள்மின்தடை 10 மெகாஓம் இருக்கட்டும். மலிவான மீட்டர்களில் 1 மெகாஓம்தான். செடியின் தடையே பெரிது என்பதால் துடிப்பின் பெரும்பங்கை மீட்டரே விழுங்கிவிடும். குளச்சல் போன்ற கடலோரங்களில் உப்புக்காற்றுபட்டு முதலை கிளிப்பில் களிம்பு ஏறியிருக்கும், தேய்த்துவிட்டு மாட்டுங்கள். பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்) வைத்துக் கணினியில் பதிவுசெய்தால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும். பேட்டரியில் ஓட்டி, செடியைச் சுற்றி அலுமினியத் தாள் கட்டி, தாளைப் புவியிணைப்போடு சேர்த்தால் அடங்கும்.

இப்போது காம்பின் நுனிப்பக்கம் ஒரு சொட்டு ஐஸ் தண்ணீர் விடுங்கள். மீட்டரின் சிவப்பு முனை காம்பில், கறுப்பு மண்ணில் என்றால் அளவு எதிர்ப்பக்கம் (மைனஸ்) சட்டென்று இறங்கி, சில நொடிகளில் மீளும். துடிப்பு நொடிக்கு சில சென்டிமீட்டர் ஓடும். தீக்குச்சி வேண்டாம்: சுட்ட காயம் கிளப்பும் மெதுவான அலை வேறு வகை, இரண்டும் கலந்தால் எதை அளந்தோம் என்றே தெரியாது.

விளக்கம் எழுதும்போது பலரும் நரம்பு பாடத்தை அப்படியே நகலெடுக்கிறார்கள். நரம்பில் சோடியம் உள்ளே பாய்கிறது. இந்தச் செடியில் செல்லுக்குள் கால்சியம் ஏற, குளோரைடு வெளியே பாய்ந்து மின்னழுத்தம் சரிகிறது. பிறகு பொட்டாசியம் வெளியேறி மீட்கிறது. இலைமூட்டுச் செல்களில் அயனிகளின் பின்னால் தண்ணீரும் போவதால்தான் இலை தொய்கிறது.

ஒரு முறைக்கும் அடுத்ததற்கும் நடுவில் 20 நிமிடம் விடுங்கள். ஒவ்வொரு தடவையும் நேரம், வெப்பநிலை, கம்பிகளுக்கு இடையிலான தூரம், துடிக்காத முயற்சிகள் எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். இந்திய அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது எழுதுவதற்கு இதிலிருந்தே விஷயம் கிடைக்கும்.