சுவிஸ் மலைக்குப் பெட்டி கட்டும்முன்

ஜூலை மாதம்தானே என்று வெறும் பருத்திச் சட்டைகளோடு சுவிட்சர்லாந்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். இன்டர்லாக்கன் ஊர் சுமார் 570 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ரயிலேறிப் போகும் யுங்ஃப்ராயோக் நிலையமோ 3,454 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி வெப்பம் குறையும். கீழே அரைக்கைச் சட்டை போதும். மேலே கோடையிலும் பனி கிடக்கும். அதனால் ஒரே கனமான கோட்டைவிட உள்பனியன், கம்பளி ஸ்வெட்டர், மழை புகாத ஜாக்கெட் என மூன்று அடுக்காக எடுத்துவையுங்கள். ஏற ஏறப் போட்டுக்கொள்ளலாம், இறங்க இறங்கக் கழற்றலாம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசவைக்கும். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். காலுக்கு நல்ல பிடிமானமுள்ள ஷூ.

உச்சிக்குப் போகும் டிக்கெட்டை நம் ஊரிலிருந்தே வாங்க வேண்டாம் என்பேன். விலை அதிகம், மேகம் மூடிவிட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான். போகும் நாளன்று காலை உச்சியின் நேரடி கேமரா காட்சியைப் போனில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான ரயில், பஸ் பாஸான சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தாலும் இந்தப் பாதை முழுக்க இலவசமில்லை, கடைசிப் பகுதிக்குத் தள்ளுபடிதான்.

ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையக் கடைகளைத் தவிர. சனிக்கிழமையே ரொட்டி, பால், பழம் வாங்கிவிடுங்கள். தண்ணீருக்குக் காசு செலவழிக்காதீர்கள். குழாய்த் தண்ணீரே அருமையாக இருக்கும், காலி பாட்டில் ஒன்று போதும். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. அடாப்டரை மறக்காதீர்கள்.