குதிரை கணிப்புப் போட்டியில் நாங்கள் விடுகிற பிழைகள்

கிளிநொச்சியில் சனிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் ஏழு பேர் ஒரு தேத்தண்ணிக் கடையில் கூடுவோம். காசு கட்டுவதில்லை. இங்கிலாந்தில் அன்றைக்கு ஓடும் பத்து ஓட்டங்களுக்கு ஓட்டத்துக்கு ஒரு குதிரையாக ஒவ்வொருவரும் துண்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 100 ரூபாய் கட்டியதாகக் கணக்கு. குதிரை வென்றால் அதன் விலைப்படி (2/1 என்றால் கட்டியதைப் போல இரண்டு மடங்கு இலாபம்) வரும் தொகை சீ.ஆர். கொப்பியில் ஏறும். முடிவில் யாருடைய தொகை கூடவோ அவருக்குத்தான் வெற்றி.

புதிதாக வருகிறவர்கள் வெல்லப்போகும் குதிரை எது என்று மட்டுமே தேடுகிறார்கள். இந்தப் போட்டியில் அது பாதி வேலைதான். 2/1 விலைக் குதிரை வென்றால் போட்ட 100 உம் சேர்த்து 300 வரும். பத்து ஓட்டத்திலும் பேவரிட்டையே, அதாவது ஆகக் குறைந்த விலைக் குதிரையையே எழுதி, நாலு வென்றாலும் 1200 தான். பேவரிட் ஏறக்குறைய மூன்று ஓட்டத்துக்கு ஒன்றில்தான் வெல்லும், ஆகவே நாலு என்பதே நல்ல நாள். பக்கத்தில் இருப்பவர் ஒன்பதில் தோற்று, ஒரே ஒரு 14/1 குதிரையைப் பிடித்தால் 1500 எடுத்து முன்னுக்குப் போய்விடுவார்.

அதற்காக 66/1 குதிரைகளையே எழுதிக்கொண்டிருப்பதும் பிழை. பல போட்டிகளில் விலைக்கு உச்சவரம்பு இருக்கிறது. அமெரிக்காவில் லாஸ் வேகாஸில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய கணிப்புப் போட்டியில் வெற்றிக்கு 20/1 க்கு மேல் கணக்கில்லை. நாங்களும் அதே வரம்பைத்தான் வைத்திருக்கிறோம். 66/1 குதிரை வென்றாலும் 20/1 கணக்குத்தான் கிடைக்கும் என்றால், வெல்லும் வாய்ப்புக் கூடிய 16/1 குதிரையை விட்டுவிட்டு அதை ஏன் எழுத வேண்டும்? விதியை வாசிக்காமல் எழுதுகிறவர்கள் இப்படித்தான் ஓட்டங்களை வீணாக்குகிறார்கள்.

அடுத்தது, போன முறை முதலாவதாக வந்ததைப் பார்த்து எழுதுவது. மாட்டு வண்டிச் சவாரி பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ந்த திடலில் பறந்த சோடி, மழை பெய்த தரையில் கால் புதைந்து நிற்பதைக் கண்டிருக்கிறோம். குதிரைக்கும் அதேதான். ஃபேர்ம் (காய்ந்து இறுகிய) தரையில் வென்ற குதிரை ஹெவி (மழையில் ஊறிய) தரையில் என்ன செய்தது என்று பழைய ஓட்டங்களைப் பாருங்கள். ஹேண்டிகேப் ஓட்டம், அதாவது குதிரையின் திறமைக்கேற்பச் சுமை ஏற்றும் ஓட்டம் என்றால் சுமையையும் பார்க்க வேண்டும். அங்கே குதிரையின் திறமைக்குக் கொடுக்கும் மதிப்பெண் ஒன்று கூடினால் சுமை ஒரு இறாத்தல் கூடும். போன முறை வென்றதற்காகவே இந்த முறை பாரம் ஏற்றியிருப்பார்கள். இங்கிலாந்தின் செஸ்டர் மாதிரி வளைவு கூடிய திடலில் குறுகிய ஓட்டம் என்றால், வளைவின் உள்பக்கத்தில் இருக்கும் புறப்படும் கதவில் இருந்து கிளம்பும் குதிரைக்குத்தான் வசதி.

ஆனால் என்னை அதிகம் வருத்திய பிழை வேறு. ஒரு நாள் கடைசி ஓட்டத்துக்கு முன் நான் 400 ரூபாயால் முன்னுக்கு நின்றேன். ஒன்பது குதிரைகள். நிலையைக் காப்பாற்றுவோம் என்று 6/4 பேவரிட்டை எழுதினேன். இரண்டாவதாக நின்றவர் 7/1 குதிரையை எழுதினார், அது வென்றது, அவருக்கு 800 ஏறியது. வீட்டுக்கு வந்து கொப்பியை விரித்துவைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அந்தப் பேவரிட்டை அவரே எழுதி அது வென்றிருந்தாலும் 250 தான், என்னைத் தாண்டியிருக்க முடியாது. அதாவது, என்னைத் தோற்கடிக்கவே முடியாத குதிரைக்கு நான் காவல் இருந்திருக்கிறேன். எனக்கு ஆபத்து 3/1 க்கு மேற்பட்ட குதிரைகளில்தான் இருந்தது. அவர் வழமையாக 6/1, 7/1 விலையில், சுமை குறைந்த குதிரையைத்தான் தேடுவார். அந்த ஓட்டத்தில் அப்படி இரண்டுதான் நின்றன. அவர் எழுதிய குதிரையையே நானும் எழுதினால் அது வென்றாலும் இரண்டு பேருக்கும் ஒரே தொகைதான், ஆகவே அதில் ஒன்றை நான் எழுதியிருந்தால் அவருடைய வழியில் பாதியையாவது அடைத்திருப்பேன்.

பின்னுக்கு நிற்பவருக்கு இதே கணக்கு மறுபக்கமாக. முன்னுக்கு நிற்பவர் எழுதக்கூடிய குதிரையையே நீங்களும் எழுதினால் இடைவெளி அப்படியே நிற்கும். ஆனால் மூன்றாவது ஓட்டத்திலேயே பதறிப் பெரிய விலைக்குப் பாயாதீர்கள். இன்னும் ஏழு இருக்கிறது.

சரி, குதிரை கடைசி நேரத்தில் ஓடாமல் விலகினால்? சில போட்டிகளில் உங்களைப் பேவரிட்டுக்கு மாற்றிவிடுவார்கள், சிலவற்றில் மாற்றுக் குதிரை ஒன்றை முன்கூட்டியே எழுதலாம். தொடங்க முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இந்தக் கணிப்பை புக்கிக்கு, அதாவது காசு கட்டிப் பந்தயம் பிடிக்கும் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். போட்டியில் பத்தில் ஒன்பது தோற்றாலும் ஒன்றால் வெல்லலாம் என்பதற்காகத்தான் பெரிய விலையை எழுதுகிறோம். அதே பழக்கத்தில் ஒவ்வொரு நாளும் உண்மைக் காசைக் கட்டினால், 14/1 குதிரை வர முன்னமே நெல் அருவி வெட்டிய கூலி முழுக்கப் போய்விடும். அப்படிப் போன வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றன.

அப்புறம் நேரம். இங்கிலாந்தில் கோடையில் பகல் 2 மணி என்றால் எங்களுக்கு மாலை 6.30. ஒக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பிய பிறகு அதே 2 மணி இங்கே 7.30 ஆகிவிடும். மார்ச் கடைசி ஞாயிறு திரும்ப 6.30. மார்ச் மாற்றத்தை மறந்தவர் துண்டோடு வந்துசேரும்போது முதல் இரண்டு ஓட்டமும் முடிந்திருக்கும்.