தொட்டியில் நெளிவது கொசுப் புழுவா, மிட்ஜ் புழுவா?

வாளியிலோ மேல்மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடியிலோ சிவப்பாக ஒரு புழு நெளிந்தால், கோலாலம்பூரில் யாருக்குமே முதலில் டிங்கி பயம்தான் வரும். நியாயமான பயம். ஆனால் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு சிவப்பாக இருக்காது. சிவப்பாக நெளிவது பெரும்பாலும், பார்க்கக் கொசு மாதிரியே இருந்தும் கடிக்காத மிட்ஜ் பூச்சியின் புழு. மீன் வளர்ப்பவர்கள் ரத்தப்புழு என்று கடையில் வாங்குவதும் அதைத்தான். அதற்காக நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். மிட்ஜ் புழுவில் பச்சை, வெள்ளை, பழுப்பு எல்லாம் உண்டு, ஆக்சிஜன் குறைந்த சேற்றில் வாழும் சில இனங்களுக்குத்தான் ஹீமோகுளோபின் இருப்பதால் அந்தச் சிவப்பு.

டீ வடிகட்டியால் அடி வண்டலோடு சேர்த்து அள்ளி, வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் போடுங்கள், கொஞ்ச நேரம் ஆட்டாமல் விடுங்கள். வண்டலை நூலால் ஒட்டிக் கட்டிய சின்னச் சின்னக் குழாய்கள் தெரிந்தால் மிட்ஜாக இருக்க வாய்ப்பு அதிகம், பல இனங்கள் அதற்குள்தான் குடியிருக்கும். வெளியே வந்தால் உடம்பை இப்படியும் அப்படியும் எட்டுப் போட்டுக்கொண்டு நீந்தும்.

சரி, இப்போது பத்து மடங்கு லென்ஸோ கைப்பேசி கேமராவோ எடுத்துக்கொண்டு, புழுவைப் பக்கவாட்டில் பாருங்கள், மேலிருந்து பார்த்தால் முக்கியமானது மறைந்துவிடும். மிட்ஜ் புழுவுக்குக் கெட்டியான, தனியாகத் தெரியும் தலை இருக்கும், அது உடம்புக்குள் போகாது. தலையை ஒட்டி அடிப்பக்கத்தில் குட்டையாக ஒரு ஜோடி போலிக்கால் (கால் போன்ற சதை மொட்டு), வால் நுனியில் இன்னொரு ஜோடி, இரண்டிலும் நுண்ணிய கொக்கிகள். இந்த இரண்டு ஜோடிதான் அடையாளத்தின் உயிர்நாடி. வால் பக்கம் மேலே இரண்டு சின்னக் குச்சங்களாக மயிரிழைகளும் தெரியும். நல்ல சிவப்பான கைரோனமஸ் வகை என்றால், வாலுக்குச் சற்று முன்னால் விரல் போல நீண்ட மெல்லிய குழல்கள் இரண்டு ஜோடி தொங்குவதையும் பெரும்பாலும் பார்க்கலாம்.

கொசுப் புழுவுக்குக் காலே கிடையாது, தலைக்குப் பின்னால் நெஞ்சு மட்டும் உடம்பைவிட அகலமாக உப்பியிருக்கும். ஏடிஸ் வாலிலுள்ள மூச்சுக்குழலை நீர்மட்டத்தில் வைத்துத் தலைகீழாகத் தொங்கும், மலேரியா பரப்பும் அனோபிலிஸ் குழல் இல்லாமல் நீர்மட்டத்தில் படுத்தே கிடக்கும். எந்தக் கொசுப் புழுவைக் கண்டாலும் அன்றைக்கே கொட்டிவிடுங்கள். மலேசியாவின் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி கொசு வளர இடம் கொடுப்பது குற்றம்.

டியூபிஃபெக்ஸ் புழுவும் சிவப்புதான், ஆனால் அதற்குத் தலை ஓடு இல்லை, கால் இல்லை. கடிக்கும் குட்டிப் பூச்சியான குலிகாய்டிஸின் புழு நூல் போல மெலிந்து, பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும், போலிக்கால் இல்லை. குளியலறை வடிகாலில் வரும் புழுவின் முதுகில் கருத்த தகடுகளும் வாலில் குட்டை மூச்சுக்குழலும் இருக்கும்.

மிட்ஜ்தான் என்று உறுதியானால் ஆபேட் (கொசுப் புழுக்கொல்லி மருந்து) தேவையில்லை. தொட்டியை வடித்து, அடி வண்டலைத் தேய்த்துக் கழுவி, மூடியை இறுக்கி, காற்றுப்போக்கியில் மெல்லிய வலை கட்டுங்கள், பூச்சி உள்ளே போய் முட்டையிடாது. வெறும் கையால் அள்ள வேண்டாம், சிலருக்கு ஒவ்வாமையால் தோல் அரிக்கும்.