மின்மினி கணக்கெடுக்க வாய்ஸ் ரெக்கார்டர்

ஏற்காட்டு ஓடைக்கரையில் மின்மினி பார்க்கப் போனால், ஃபோனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒரே ஒரு பூச்சியைக் கவனித்து அது மினுக்கும்போதெல்லாம் 'டக்' என்று சொல்லுங்கள். திரை வெளிச்சம் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம்கூட ஆகும், பூச்சிக்கும் அது தொந்தரவு. இதில் அந்தச் சிக்கலே இல்லை, வீட்டுக்கு வந்து பதிவைக் கேட்டு இரண்டு மினுக்குக்கு நடுவே எத்தனை வினாடி என்று நிதானமாக அளக்கலாம். இனம் பிரிக்க அந்த இடைவெளி ரொம்ப முக்கியம். அப்புறம், வெப்பநிலையையும் சொல்லி வையுங்கள். குளிரில் மினுக்கு மெதுவாகும் என்பதால் மலைக் கணக்கைச் சேலத்துக் கணக்கோடு அப்படியே ஒப்பிட முடியாது. தரையில் விடாமல் ஒளிர்வது புழுவாகவோ இறக்கையில்லாத பெண்ணாகவோ இருக்கலாம், அதற்கு இது உதவாது. கிளியூர் அருவிப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் குரலை விழுங்கிவிடும், அங்கே இயர்போன் மைக்கை வாயருகே வைத்துக்கொள்ளுங்கள்.