முட்டையில் சாயம் பிடிக்காமல் மூன்று நாள்

களியக்காவிளையில் ஈஸ்டர் முட்டை விலை கேட்டேன். மூன்று பிள்ளைகளுக்கும் வாங்கக் கட்டுப்படியாகாது. சரி, கோழிமுட்டைக்கே நிறம் ஏற்றலாம் என்று புதன்கிழமை தொடங்கினேன்.

முதலில் பீட்ரூட். தண்ணீர் ரத்தச் சிவப்பு, முட்டையோ மண் நிறம். கொதித்தால் பீட்ரூட் சிவப்பு நிற்காது. மறுநாள் மஞ்சள்தூள். நிறம் வந்தது, ஆனால் திட்டுத் திட்டாக. வினிகர் போதவில்லையோ என்று தாராளமாக ஊற்றினேன். ஓடு நுரைத்து உதிர்ந்தது. ஓட்டின் சுண்ணாம்பை வினிகர் கரைக்கும். தம்ளருக்கு ஒரு ஸ்பூன் போதும்.

வெள்ளியன்று வெயிலில் பிடித்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: ஒவ்வொரு திட்டும் விரல் அகலம்! சின்னவள் தலையில் தேங்காயெண்ணெய் தேய்த்த கையோடு முட்டையை எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறாள். எண்ணெய் பட்ட இடத்தில் சாயம் ஒட்டாது.

சனிக்கிழமை இரவு வெள்ளை முட்டைகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தேன். அப்புறம் கரண்டியால் மட்டும்தான் தூக்கினேன். காய்கறிக் கடைச் சாக்கின் அடியில் கிடந்த பல்லாரி வெங்காயத் தோல் இரண்டு கை நிறைய. அதற்குக் காசு கேட்கவில்லை. அரைமணி கொதிக்கவைத்து வடித்து, வினிகர் விட்டு, அதிலேயே முட்டையை வேகவைத்து ஆறவிட்டேன். நல்ல செங்காவி. கொத்தமல்லி இலையை ஒட்டி மெல்லிய துணியால் இறுக்கிக் கட்டிய இரண்டில் இலையின் வடிவம் அப்படியே வெளிறிப் பதிந்திருந்தது. பெரியவன் அதை உடைக்கவே விடவில்லை.

மற்றவை பூசை முடிந்து வந்ததும் முட்டை ரோஸ்ட்டுக்குப் போயின.