பழைய வீட்டில் கை வைக்கும் முன்

பழைய வீட்டை மாற்றிக் கட்டவோ, பின்புறம் ஓர் அறை சேர்க்கவோ கட்டடக் கலைஞரிடம் போகிறவர்கள், அனுமதிக்காக என்றோ போட்ட வரைபடத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதை நம்பி வேலையைத் தொடங்குவதுதான் முதல் தவறு. தாளில் இருப்பது கட்ட நினைத்த வீடு. மண்ணில் நிற்பது வேறு. முழு வீட்டையும் புதிதாக அளக்க வேண்டும். நீள அகலத்தோடு நிறுத்தாமல், மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு முறை டேப் பிடிக்கச் சொல்லுங்கள். எதிரெதிர்ச் சுவர்கள் ஒரே நீளமாக இருந்து, இந்த இரண்டு குறுக்களவும் ஒத்துப்போனால்தான் அறை மூலைமட்டத்தில், அதாவது மூலைகள் செங்கோணமாக, இருக்கிறது. நான் பார்த்த ஓர் அறையில் வித்தியாசம் 11 சென்டிமீட்டர். வரைபடத்தை நம்பித் தச்சர் செய்துவந்த அலமாரி ஒரு பக்கம் சுவரில் முட்டிக்கொண்டு, மறுபக்கம் கை நுழையும் சந்தோடு நின்றது.

அடுத்தது நடுச்சுவர். இரண்டு அறைகளை ஒன்றாக்கும் ஆசையில், தட்டிப் பார்த்துவிட்டு “இது வெறும் தடுப்புதான், இடிக்கலாம்” என்று சொல்பவர் எங்கும் கிடைப்பார். ஓசையை வைத்து அதைச் சொல்ல முடியாது. மேல்தளத்தின் உத்தரங்கள் எதன்மேல் அமர்ந்திருக்கின்றன, மாடியில் அதே கோட்டில் இன்னொரு சுவர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தடுப்பாகவே கட்டிய சுவர்கூட, மேலே உத்தரம் தொய்ந்து அதன்மேல் சாய்ந்ததால் பாரம் தாங்கத் தொடங்கியிருக்கலாம். கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டு இரும்பு உத்தரம் கொடுத்தாலும் வேலை முடிவதில்லை. சுவர் முழுவதும் பரவியிருந்த பாரம் இப்போது அந்த உத்தரத்தின் இரண்டு முனைகளில் குவிகிறது. அங்கே கான்கிரீட் திண்டு வைக்காமல் பழைய செங்கல்மீது நேரே அமர்த்தினால் செங்கல் நொறுங்கும்.

சிமென்ட் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விட்டுவிடும். ஓதம் தெரிகிறது என்று அதன்மேல் சிமென்ட் பூசி, நீர்புகாத பெயின்டும் அடித்தால் ஈரம் போக வழியின்றி உள்ளேயே தங்குகிறது. அதில் கரைந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சைத் தள்ளிப் பெயர்த்துவிடுகிறது. செங்கல்லின் முகமும் சேர்ந்து உதிர்கிறது. ஒழுகும் குழாயையும், சுவரோரம் உயர்ந்துவிட்ட வெளித்தரையையும் சரிசெய்துவிட்டு, சுண்ணாம்பாலேயே பூசினால் போதும். காய நாளாகும், பொறுக்க வேண்டும்.

புதியதும் பழையதும் சேரும் இடத்தில்தான் மற்றத் தொல்லைகள். பழைய அஸ்திவாரம் தன் பாரத்துக்கு எப்போதோ அமிழ்ந்து நிலைத்துவிட்டது. புதியது இனிமேல்தான் அமிழும். இரண்டு சுவர்களையும் செங்கல்லைப் பல்போலக் கோத்து இறுகப் பிணைத்தால் இணைப்பில் விரிசல் வரும். பல இடங்களில் அசைவுக்கென இடைவெளி விட்டு, நெகிழும் பொருளால் அடைப்பதே சரி. புதுக்குழியைப் பழைய அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்கும் கீழே, சுவர் நீளத்துக்கும் ஒரே மூச்சில் தோண்டுவது ஆபத்து. அங்கே சிறுசிறு பகுதியாகத் தோண்டி, ஒன்றை நிரப்பிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டு கூரைகள் சந்திக்கும் பள்ளத்தில் மழைநீர் எந்த வழியாக இறங்கும் என்பதைத் தனி வரைபடமாகவே கேட்டு வாங்குங்கள்.

பின்புறம் சேர்த்த அறை வெளிச்சமாக அமைந்துவிடும். இருண்டுபோவது நடு அறை. ஜன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் பயன்படும்படி உள்ளே வரும் என்பது கட்டடக் கலைஞர்களின் கைக்கணக்கு. மேல்விளிம்பு 2.1 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 5 மீட்டர். ஏற்கெனவே 4 மீட்டர் ஆழமுள்ள அறைக்கு வெளியே இன்னொரு 4 மீட்டர் கட்டினால், உள்ளே இருப்பவர் பகலிலும் விளக்குப் போட வேண்டியதுதான். நடுவே சிறு முற்றம் விட்டால் இது தீரும். இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில் நான்கு சிறிய தொடர்வீடுகளைப் படிப்படியாக வாங்கித் தன் வீடாக இணைத்தபோது, இடையிடையே முற்றங்களையும் வெளிச்சத் துளைகளையும் வைத்தார்.

புதுப்பகுதியைப் பழையதுபோல வேடமிட்டுக் கட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. நினைவுச்சின்னங்களைப் பேணுவதற்கான சர்வதேச நெறிமுறையான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் சொன்னது, புதுவேலை தன் காலத்து முத்திரையோடு வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று. வீட்டுக்கு அது சட்டமல்ல, ஆனாலும் நல்ல யோசனை.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம்; சோதிக்காமல் உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். செலவுக் கணக்கில் 15 முதல் 20 சதவீதத்தைத் தொடாமல் ஒதுக்கிவையுங்கள், தரையைப் பெயர்த்த அன்றே அதற்கு வேலை வந்துவிடும். சுவரைப் பூசி மூடுவதற்கு முந்தைய நாள், உள்ளே ஓடும் வயர்களையும் குழாய்களையும், பக்கத்தில் டேப்பை விரித்துப் பிடித்தபடி படம் எடுத்து வையுங்கள். மாட்ட வேண்டிய முதல் அலமாரி வரும்போது அந்தப் படத்தைத்தான் தேடுவீர்கள்.